தேர்ட் பீச்: நடை ஒன்றரை மைல்தான், ஆயத்தம்தான் பெரிது

சியாட்டில் பக்கம் புதிதாக வந்தவர்கள் "பெரியவங்களையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போற மாதிரி காடும் கடலும் சேர்ந்த இடம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், ஐந்தில் மூன்று பேர் தேர்ட் பீச்சைத்தான் சொல்வார்கள். ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் கடலோரம், லா புஷ் ஊருக்குச் சற்று முன்னால். ஒரு பக்கம் 1.4 மைல் நடை. அகலமான காட்டுப்பாதை, கடைசியில் கொஞ்சம் இறக்கம், அப்புறம் கடல். ஈஸியான டிரெயில் என்று அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் நாங்கள் முதல் தடவை போனபோது மணலை மிதிக்கவே இல்லை. அக்டோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமை. அத்தையும் மாமாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். காலை ஒன்பதரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மாலை ஐந்தேகாலுக்குக் கடல் முன்னால் போய் நின்றோம். மணல் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தது. கரையில் குவிந்து கிடந்த மரக்கட்டைகள் மேல் அலை வந்து மோதிக்கொண்டிருந்தது. அத்தை ஒரு கட்டையில் உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, இதைப் பார்க்கவா இத்தனை நேரம் கார்ல வந்தோம்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இருபது நிமிடத்தில் திரும்பினோம். பாதிக் காட்டில் இருட்டிவிட்டது, ஃபோன் வெளிச்சத்தில்தான் கார் வரை வந்தோம்.

அதற்குப் பிறகு நான்கு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றில் மாட்டிக் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது. வரிசைப்படி செய்யுங்கள், முக்கியமாக இரண்டாவது படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. எந்தக் கடற்கரை என்று முதலில் தெளிவாகுங்கள்

லா புஷ் பக்கம் பக்கத்துப் பக்கத்தில் நான்கு கடற்கரைகள் இருக்கின்றன. ஃபர்ஸ்ட் பீச் ஊருக்குள்ளேயே இருக்கிறது, காரை நிறுத்திவிட்டு நேரே இறங்கலாம். செகண்ட் பீச்சுக்கு 0.7 மைல் நடை, கூட்டம் அதிகம். தேர்ட் பீச்சுக்கு 1.4 மைல், கூட்டம் குறைவு. நான்காவது ரியால்டோ, அது ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

இந்த "அந்தப் பக்கம்" என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வரைபடத்தில் ரியால்டோவும் லா புஷ்ஷும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நடுவில் குவிலாயூட் ஆறு ஓடுகிறது, முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. தப்பான பக்கம் போய்விட்டால் சாலை பிரிந்த இடம் வரை திரும்பி வந்து மறுபடி போக வேண்டும். வெறுமனே "லா புஷ் பீச்" என்று ஜிபிஎஸ்ஸில் போட்டாலும் ஃபர்ஸ்ட் பீச்சில் கொண்டுபோய் விட்டுவிடும். "தேர்ட் பீச் டிரெயில்ஹெட்" என்று முழுசாகப் போடுங்கள். அந்தப் பகுதி வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே ஃபோனில் இறக்கிவிடுங்கள். அங்கே சிக்னலை நம்ப முடியாது.

2. நாளைக் காலண்டரில் தேடாதீர்கள், ஏற்றவற்ற அட்டவணையில் தேடுங்கள்

கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். நம் ஊர் மெரினாவில் இது பெரிதாகக் கண்ணில் படாது. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் எட்டு அடி, சில நாள் அதற்கு மேலும் வித்தியாசம் வரும். வற்றத்தின்போது தேர்ட் பீச்சில் கிரிக்கெட் விளையாடலாம். நல்ல ஏற்றத்தில் நிற்க இடம் இருக்காது.

முதல் தடவை நாங்கள் அட்டவணை பார்க்காமல் போகவில்லை. என் கணவர் பார்த்தார், சியாட்டில் அட்டவணையை. அங்கே வற்றம் மாலை ஐந்து மணிக்கு என்று இருந்தது. பெரும் கடலின் ஏற்றவற்றம் சுற்றிக்கொண்டு பியூஜெட் சவுண்ட் என்னும் உள்கடலுக்குள் நுழைந்து சியாட்டிலுக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. அதாவது தேர்ட் பீச்சில் வற்றம் மதியமே முடிந்து, நாங்கள் போன நேரத்துக்குக் கடல் ஏறி முடிக்கப் போய்க்கொண்டிருந்தது. ஃபோன் செயலிகள் நீங்கள் இருக்கும் இடத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும், கவனம். நோவா என்னும் அரசுத் துறையின் தளத்தில் "லா புஷ்" நிலையத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

இன்னொரு பொறி, கோடைகால நேரம். சில அட்டவணைகள் ஆண்டு முழுக்கப் பழைய நேரத்திலேயே இருக்கும், மார்ச் முதல் நவம்பர் வரை அவற்றில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அட்டவணையின் தலைப்பில் எந்த நேரம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

என் கணக்கு இது: அட்டவணையில் வற்றத்தின் அளவு 3 அடி அல்லது அதற்குக் கீழ், அதுவும் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டுக்குள் வரும் நாள். வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் மணலில் கால் வைக்க வேண்டும், வற்றம் தாண்டி ஒன்றரை மணி நேரம் இருக்கலாம். மூன்று மணி நேரம் தாராளம். அதற்கு மேல் உட்கார்ந்தால் பிள்ளைகள் குளிர்கிறது என்பார்கள்.

கோடையில் இது எளிது, அப்போது இந்தக் கரையில் பெரிய வற்றங்கள் காலை நேரத்தில் வரும். குளிர்காலத்தில் அவை இரவில் போய் விழும், பகலில் கிடைப்பது சுமாரானதுதான். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் இந்த வாரம் சரியாக இல்லை என்றால் அடுத்த வாரம் அல்லது அதற்கடுத்த வாரம் அமைந்துவிடும். வாரயிறுதியும் வற்றமும் சேர்ந்து வரும் நாட்களை ஜூலை முதல் செப்டம்பர் வரை ஒரு தாளில் குறித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பால் கணக்குக்குப் பக்கத்தில் அதுதான் இருக்கிறது.

மற்ற மாதங்களில் போகக்கூடாதா என்றால், போகலாம். ஆனால் பக்கத்து ஊரான ஃபோர்க்ஸ் பகுதியில் ஆண்டுக்கு நூறு அங்குலத்துக்கு மேல் மழை. சென்னையில் பெய்வதில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. டிசம்பரில் நாலரைக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். முதல் தடவைக்குக் குளிர்காலம் வேண்டாம்.

3. பாஸ் வேண்டுமா வேண்டாமா

இதில் புதியவர்கள் கொட்டும் காசுக்குக் கணக்கில்லை. வாஷிங்டனில் புழக்கத்தில் இருப்பவை மூன்று. டிஸ்கவர் பாஸ், மாநிலப் பூங்காக்களுக்கு. நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ், தேசியக் காடுகளில் உள்ள பாதைகளுக்கு. அமெரிக்கா த பியூட்டிஃபுல் பாஸ், தேசியப் பூங்காக்களுக்கு. முதலிரண்டும் தேசியப் பூங்காவில் செல்லாது. கண்ணாடியில் டிஸ்கவர் பாஸைத் தொங்கவிட்டுக்கொண்டு ஹோ மழைக்காட்டு வாசலில் வாதாடியவர்கள் எங்கள் நண்பர் வட்டத்திலேயே இருக்கிறார்கள்.

தேர்ட் பீச் பாதை தொடங்கும் இடத்தில் கட்டணச் சாவடி எதுவும் இல்லை. பகலில் போய்ப் பகலில் திரும்புகிறவர்களுக்குப் பர்மிட்டும் தேவையில்லை. தேர்ட் பீச் மட்டும்தான் திட்டம் என்றால் பாஸ் வாங்க ஓடாதீர்கள்.

அதே பயணத்தில் ஹோ மழைக்காடு, ஹரிக்கேன் ரிட்ஜ், சோல் டக் இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் கட்டணம் உண்டு. ஒலிம்பிக் பூங்காவுக்கு ஒரு காருக்கு ஏழு நாளுக்கு 30 டாலர். எல்லாத் தேசியப் பூங்காவுக்குமான ஆண்டுப் பாஸ் 80 டாலர், ஆண்டில் மூன்று பூங்கா போனால் போட்டது கைக்கு வந்துவிடும். 2026 தொடக்கத்திலிருந்து இந்த 80 டாலர் விலை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு 250. ஆகவே பாஸை ஊரிலிருந்து வந்த அப்பா பெயரில் வாங்காமல், இந்த ஊர் லைசன்ஸ் வைத்திருக்கும் உங்கள் பெயரில் வாங்குங்கள்.

வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்த 80 டாலரும் மிச்சம். நான்காம் வகுப்புக் குழந்தைக்கு ஓராண்டு இலவச பாஸ் உண்டு, செப்டம்பரிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரை. அந்தக் காரில் வருகிற குடும்பம் முழுக்க அதில் அடங்கும். அதற்கான அரசுத் தளத்தில் பிள்ளை சின்னதாய் ஒரு விளையாட்டு போலச் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் சீட்டு வரும். அதைக் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுபோங்கள். எங்கள் மகள் நான்காம் வகுப்பு படித்த ஆண்டில் எனக்கு இது தெரியாது. தெரிந்தபோது அவள் ஐந்தாம் வகுப்பு.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஓட்டுநர் லைசன்ஸ், கார் காப்பீட்டுச் சீட்டு எப்போதும்போல.

இது எல்லைக்குப் பக்கத்துப் பகுதி. வழியில் வரும் போர்ட் ஏஞ்சலஸ் ஊரிலிருந்து பார்த்தால் நீரிணைக்கு அந்தப் பக்கம் கனடா. அங்கே எல்லைக் காவல் நிலையமும் இருக்கிறது. குடியுரிமை இல்லாத 18 வயது நிரம்பியவர்கள் கிரீன் கார்டையோ, ஐ-94 போன்ற பதிவுச் சான்றையோ உடன் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம், இந்த ஊருக்கு மட்டும் தனிச் சட்டம் இல்லை. எங்களை ஒருமுறைகூட யாரும் நிறுத்திக் கேட்டதில்லை. ஆனாலும் ஐ-94 அச்சுப்பிரதியைப் பாஸ்போர்ட்டோடு ஒரு ஜிப் உறையில் போட்டு எடுத்துப்போகிறோம். அத்தை மாமாவின் பாஸ்போர்ட்டால் படகிலும் ஒரு லாபம் உண்டு, அடுத்துச் சொல்கிறேன்.

கனடா பக்கத்தில் இருப்பதால் இன்னொரு தொல்லை. போர்ட் ஏஞ்சலஸ் கடலோரத்தில் ஃபோன் திடீரென்று கனடாக் கோபுரத்தைப் பிடித்து "கனடாவுக்கு நல்வரவு" என்று குறுஞ்செய்தி அனுப்பும். உங்கள் திட்டத்தில் கனடா இலவசம் இல்லையென்றால் ரோமிங் காசு ஏறும். படகு போய்ச் சேரும் கிங்ஸ்டன் தாண்டியதும் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் இந்திய சிம்மோடு வந்திருந்தால் அதையும் பாருங்கள்.

5. படகும் சாலையும்

சியாட்டிலை ஒட்டிய ரெட்மண்டிலிருந்து, படகுத் துறை இருக்கும் எட்மண்ட்ஸ் முக்கால் மணி நேரம். எட்மண்ட்ஸிலிருந்து கிங்ஸ்டனுக்குப் படகு அரை மணி நேரம். கிங்ஸ்டனிலிருந்து போர்ட் ஏஞ்சலஸ் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து கிரசென்ட் ஏரியைச் சுற்றிக்கொண்டு ஃபோர்க்ஸ், 56 மைல், ஒன்றேகால் மணி நேரம். ஃபோர்க்ஸிலிருந்து பாதை தொடங்கும் இடம் இருபது, இருபத்தைந்து நிமிடம். கூட்டினால் நாலரை மணி நேரம் வரும். பெரியவர்கள், பிள்ளைகள் என்றால் ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் படகுக்குக் காத்திருக்கும் நேரம் சேரவில்லை.

கோடை வாரயிறுதியில் எட்மண்ட்ஸ் வரிசை மேட்டுச் சாலை வரை நிற்கும். இந்த வழித்தடத்தில் முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு முதல் இடம். நாங்கள் முதல் தடவை இரண்டு மணி நேரம் வரிசையில் கிடந்தோம்; கொண்டுபோன இட்லியில் பாதி அங்கேயே தீர்ந்தது. விடியற்காலை முதல் இரண்டு படகுகளில் ஒன்றைப் பிடித்தால் இந்தப் பாடே இல்லை. காலை ஐந்தரை வாக்கில் எட்மண்ட்ஸில் நில்லுங்கள்.

கட்டணம் பருவத்துக்குப் பருவம் மாறும். போகும்போது கார், ஓட்டுநர், கூட வரும் பெரியவர்கள் எல்லோருக்கும் வாங்குவார்கள். 65 வயதானவர்களுக்குப் பாதி. வயதைக் காட்டும் அடையாளம் வேண்டும், பாஸ்போர்ட் போதும். 18 வயது வரை இலவசம். திரும்பும்போது காருக்கும் ஓட்டுநருக்கும் மட்டும்தான் வாங்குவார்கள், மற்றவர்களுக்கு இல்லை. சீட்டு வாங்கும் சாளரத்தில் காரில் இருப்பவர்களின் வயதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். கேட்காமல் குறைக்க மாட்டார்கள்.

படகு வேண்டாம் என்றால் டகோமா வழி சுற்றிப் போகலாம். அங்கே நேரோஸ் பாலத்தில் போகும்போது சுங்கம் இல்லை, திரும்பி வரும்போதுதான்.

படகிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரத்தில் ஹூட் கால்வாய்ப் பாலம். மிதவைப் பாலம், கப்பல் வந்தால் நடுவில் திறப்பார்கள். திறந்தால் அரை மணி, முக்கால் மணி நேரம் கார் நகராது. இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நேரக் கணக்கில் முன்கூட்டியே ஒரு முக்கால் மணியைப் போட்டுவைப்பதுதான் வழி.

போகவர எல்லாம் சேர்த்துச் சுமார் 300 மைல். கார் அதிகம் குடிக்கிறதென்றால் போர்ட் ஏஞ்சலஸிலேயே பெட்ரோலை நிரப்பிவிடுங்கள்.

வற்றம் நண்பகலுக்கு முன் வருகிறதா? அன்றே கிளம்பிப் போய்ச் சேர முடியாது. முந்தின இரவு ஃபோர்க்ஸில் அறை எடுங்கள். ரத்தக்காட்டேரிக் கதை ஒன்றால் உலகப் பெயர் வாங்கிய ஊர் அது, கோடையில் அறை வாடகையும் அந்தப் பெயருக்கேற்ப இருக்கும். போர்ட் ஏஞ்சலஸில் கொஞ்சம் மலிவு, விடிகாலையில் எழ வேண்டும், அவ்வளவுதான்.

6. ஃபோர்க்ஸில் கடைசி நிறுத்தம்

கழிப்பறை, தண்ணீர், பெட்ரோல் எல்லாம் இங்கேயே முடியுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊரில் உருளைக்கிழங்கு வறுவலும் பீட்சாவும்தான், அதனால் சாப்பாடு கையிலிருந்து.

ஃபோர்க்ஸிலிருந்து வந்த வழியே வடக்கே ஒரு மைல் திரும்பிப் போனால் லா புஷ் சாலை இடது பக்கம் பிரியும். எட்டு மைல் தாண்டியதும் மோரா சாலை வலது பக்கம் பிரியும், அதில் திரும்பினால் ரியால்டோ. நீங்கள் இடது பக்கமே போங்கள். அங்கிருந்து நான்கு மைலுக்குள் இடது கைப்பக்கம் தேர்ட் பீச் பலகை. வண்டி நிறுத்துமிடம் சின்னது, கோடைச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் இடம் கிடைப்பது சிரமம். பைகளைக் கண்ணில் படும்படி காருக்குள் விட்டுப்போகாதீர்கள்.

சாலை நேரே போய் முடிவது லா புஷ் ஊரில். அது குவிலீயூட் பழங்குடியினரின் சொந்த நிலம், அவர்கள் சட்டம்தான். அந்தப் பக்கம் போனால் வீடுகளையும் மனிதர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

7. பையில் என்ன

பருத்திச் சட்டை, ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, ஜூலையிலும் மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்ளும். மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று கட்டாயம். சேற்றில் மிதிக்கத் தயாரான ஷூ. அத்தை சேலையில்தான் வருவேன் என்றார், வந்தார். கீழே டிராக் பேன்ட், மேலே ஏற்றிச் செருகிய சேலை, காலில் என் பழைய ஓட்டக் காலணி. நன்றாகவே நடந்தார். செருப்பு மட்டும் வேண்டாம் என்று அடம்பிடித்துச் சொல்லிவிடுங்கள்.

மாற்றுச் சாக்ஸ், தலைவிளக்கு (பகலிலே போனாலும்), ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை. வழியில் ஓடைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அந்த நிறம் இலைச் சாயம்தான், ஆனால் வடிகட்டாமல், கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது.

சாப்பாட்டுக்குப் புளியோதரையை மிஞ்சியது எதுவும் இல்லை. கரண்டி, தட்டு கேட்காத சாப்பாடாகக் கட்டுங்கள். மணலில் தயிர்சாதப் பாத்திரத்தைத் திறந்து பாருங்கள், புரியும். இரண்டாவது முறை போனபோது முறுக்குப் பொட்டலத்தைக் கட்டைமேல் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு காக்கைகள். ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது, இன்னொன்று பொட்டலத்தின் வாயைக் கொத்திப் பிரித்து, ஒரு முறுக்கைச் சரியாக நடு ஓட்டையில் மாட்டித் தூக்கிக்கொண்டு போனது. மாமா கைதட்டினார்.

நாய் வைத்திருப்பவர்களுக்கு: இந்தக் கடற்கரைக்கு நாய் அனுமதி இல்லை. டிரோனும் தேசியப் பூங்காக்களில் கூடாது.

8. நடை

இதற்குத் தனித்தலைப்பே அதிகம். முதல் பாதி ஏறத்தாழ சமதளம், பழைய வண்டிப்பாதைபோல அகலம், இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்கலாம். சிட்கா ஸ்புரூஸ், ஹெம்லாக் மரங்கள், கீழே இடுப்புயரப் பெரணிச் செடிகள். உள்ளங்கை நீள மஞ்சள் நத்தை ஒன்று ஓடு இல்லாமல் பாதையில் ஊர்ந்துகொண்டிருக்கும், பிள்ளைகளைக் கீழே பார்த்து நடக்கச் சொல்லுங்கள். கரடி, மலைச்சிறுத்தை இரண்டும் இந்தக் காட்டில் உண்டு. சின்னப் பிள்ளைகளை முன்னால் ஓடவிடாமல் கூடவே வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு மைல் தாண்டியதும் கடல் கேட்கும். கண்ணுக்குத் தெரிய இன்னும் கால் மணி நேரம் ஆகும். அங்கிருந்து இறக்கம், வேர்களும் சேறும் கலந்தது. மொத்த உயர வித்தியாசம் 300 அடிக்குள்தான், பழனிப் படி ஏறியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் ஏற்றம் திரும்பும்போது வருகிறது என்பதை முழங்கால் வலிக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பெரியவர்களோடு ஒரு மணி நேரம், இல்லாவிட்டால் நாற்பது நிமிடம்.

9. மரக்கட்டைகள்

உண்மையில் கடினமான இடம் இதுதான், கடைசி முப்பது அடி. பாதை மணலில் போய் முடியாது. அலை அடித்துக்கொண்டு வந்து போட்ட முழு மரங்கள், சில நெஞ்சுயரப் பருமனில், குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். அவற்றின் மேல் ஏறித்தான் மணலுக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு குளிர்காலப் புயலுக்குப் பிறகும் கட்டைகள் இடம் மாறும், அதனால் போன வருடம் போன வழி இந்த வருடம் இருக்காது.

வெள்ளி நிறத்தில் காய்ந்து கிடப்பதில் கால் வையுங்கள். கறுத்து ஈரமாக இருப்பதில் வைத்தால் வழுக்கும், பாசி இருந்தால் கேட்கவே வேண்டாம். வைக்கும் முன் ஒரு காலால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள், உருளும் கட்டைகள் உண்டு. நின்றபடி தாண்டாதீர்கள். அத்தை கண்டுபிடித்த முறைதான் சிறந்தது: கட்டையில் உட்கார்ந்து, கட்டிலிலிருந்து இறங்குவதுபோல இரண்டு காலையும் ஒன்றாக அந்தப் பக்கம் திருப்பி, மெல்லச் சறுக்கி இறங்குவது. பைகளை முதலில் ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அலை கட்டைகளைத் தொடுகிறதென்றால் இறங்கவே இறங்காதீர்கள். ஓரடித் தண்ணீர்கூட டன் கணக்கில் எடையுள்ள மரத்தைத் தூக்கி உருட்டிவிடும், நடுவில் மாட்டினால் உயிர் போகும். அவ்வளவு தூரம் வந்தும் அன்றைக்கு நாங்கள் மணலில் இறங்காததற்கு இதுதான் காரணம், அதில் இன்றைக்கும் வருத்தம் இல்லை.

10. மணலில்

இறங்கியதும் திரும்பி நின்று, ஏறிவர வேண்டிய இடத்தை ஒரு படம் எடுங்கள். மூடுபனி வந்தால் காடு முழுக்க ஒரே மாதிரித் தெரியும். காட்டுக்குள் நுழையும் இடங்களில் கறுப்பும் சிவப்புமாக வட்டப் பலகை மாட்டியிருப்பார்கள், அதுதான் அடையாளம்.

தெற்கே, அதாவது கடலைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம், மணலில் நடந்தால் தூரத்தில் பாறை முனையிலிருந்து அருவி ஒன்று நேரே கடலில் விழுவது தெரியும். எங்களுக்கு அதுதான் இந்த இடத்தின் சிறப்பு. பக்கத்தில் போய்த் தொட முயலாதீர்கள். அந்த டெய்லர் முனையைக் கடலோரமாகச் சுற்ற முடியாது, எந்த வற்றத்திலும். வடக்கே உள்ள முனையும் அப்படியே. தெற்கே அப்பால் போக வேண்டுமென்றால் கயிறு பிடித்துக் காட்டுமேட்டில் ஏற வேண்டும், அது "ஈஸி டிரெயில்" ஆட்களுக்கு இல்லை.

குளிக்க வேண்டாம். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் இருக்கும், இழுப்பு உண்டு, காப்பாற்ற ஆளில்லை. கால் நனைக்கும்போதும் கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், சொல்லாமல் ஒரு பெரிய அலை வரும்.

நிலம் பலமாக ஆடினால் சைரனுக்குக் காத்திருக்காதீர்கள். பையை விட்டுவிட்டு வந்த பாதையிலேயே மேலே ஏறுங்கள். இந்தக் கரைக்கு வெளியே கடலடியில் பெரிய நிலப்பிளவு இருக்கிறது, சுனாமி பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

11. இரவு தங்குவதென்றால்

மணலில் கூடாரம் போடலாம், அதற்குக் காட்டுப்பகுதிப் பர்மிட் வேண்டும். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் எடுக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஓர் இரவுக்கு 8 டாலர், முன்பதிவுக் கட்டணம் 6 டாலர் தனி, அது திரும்பக் கிடைக்காது. 15 வயது வரை ஆளுக்கான கட்டணம் இல்லை. கோடைக்கான பதிவு ஏப்ரல் நடுவில் திறக்கும். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நான் விழுந்த குழி: அதே தளத்தில் "மோரா கேம்ப்கிரவுண்ட்" என்று பார்த்து, கடற்கரைக்குப் பக்கம் என்று பதிவு செய்துவிட்டேன். அது காரை நிறுத்திக் கூடாரம் போடும் இடம், ரியால்டோ பக்கம். நல்ல இடம்தான், ஆனால் அந்தச் சீட்டைக் காட்டித் தேர்ட் பீச்சில் தங்க முடியாது. தளத்தில் "வில்டர்னஸ் பர்மிட்" என்ற பகுதிக்குள் போய் "தேர்ட் பீச்" பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பணம் கட்டும் முன் இன்னொரு முறை பாருங்கள். பிறகு அச்சடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை வைக்கக் கரடிப் பெட்டி, அதாவது மூடி திருகும் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா கட்டாயம். கரடியைவிட ரக்கூன்கள்தான் அங்கே திருடர்கள். பற்பசை, சோப்பு, லிப் பாம் எல்லாம் அதற்குள்ளே. வாங்கத் தேவையில்லை, போர்ட் ஏஞ்சலஸில் உள்ள பூங்கா அலுவலகத்தில் இரவல் கிடைக்கும். காலையில் திறக்கும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். கூடாரத்தைக் கட்டைகளுக்கு மேலே, இரவு ஏற்றம் எட்டாத உயரத்தில் போடுங்கள்.

12. திரும்புதல்

கடற்கரையில் வெளிச்சம் இருக்கும்போதே காட்டுக்குள் இருட்டிவிடும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்னால் ஏறத் தொடங்குங்கள். ஜூனில் ஒன்பதேகால் வரை வெளிச்சம் இருப்பதால் ஏமாந்து உட்கார்ந்துவிடுவோம். பிறகு கிங்ஸ்டன் வர நள்ளிரவாகிவிடும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பிற்பகலில் கிங்ஸ்டன் வரிசை, எட்மண்ட்ஸில் பார்த்ததைவிட மோசம். போர்ட் ஏஞ்சலஸில் சிக்னல் வந்ததும் படகுத் துறையின் செயலியில் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். இரண்டு படகுக்கு மேல் என்றால் டகோமா வழியே விடுங்கள், சுங்கம் போனாலும் பரவாயில்லை. ஒரு படகுதான் என்றால் நில்லுங்கள், காரைவிட்டு இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளலாம். சேற்று ஷூக்களுக்கு ஒரு பழைய செய்தித்தாளைக் காரின் பின்பக்கம் முதலிலேயே விரித்து வையுங்கள். நாங்கள் விரிக்காமல் போன தடவை வாங்கிய மணல் இன்னும் டிக்கியில் இருக்கிறது.